மதிலைச் சுற்றி ஓடிய மாமா

என் அக்காவின் கணவருக்கு வண்டியை நிறுத்துவதுதான் தொழில். ஓட்டுவது அல்ல, நிறுத்துவது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில், ஓட்டிப் பழகுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். பழக வந்தவர் பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதிக்கும்போது, இவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் அந்தப் பிரேக்கை மிதிப்பார். கார் நிற்கும். "பரவால்ல, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். பேசவும் சோம்பலாக இருந்தால் ஒரு சைகை வைத்திருந்தார். உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்துக் காற்றை அழுத்துவார். மெதுவாகப் போ என்று அர்த்தம். எங்கள் ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கைக்குப் பயந்து ஓட்டப் பழகியவர்கள்தான். எல்லோருக்கும் அவர் மாஸ்டர், எனக்கு மாமா.

இப்படி உட்கார்ந்தே சம்பாதித்த மனிதர், தலை நரைக்கத் தொடங்கிய வயதில் ஓட ஆரம்பித்தார். ஏதோ காலையில் எழுந்து பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டீ குடிக்கிற ஓட்டம் இல்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர் வரைக்கும், மலைப் பாதையில் ஏறி இறங்கி, சில சமயம் பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை. எதற்கு என்று கேட்டால் சட்டையைக் காட்டுவார். புற்றுநோய் விழிப்புணர்வுக்காக என்று அதில் எழுதியிருக்கும். அதைப் படித்தவர்களுக்கெல்லாம் புரிந்துவிடும். எனக்குத்தான் புரியவில்லை. அக்காவுக்கும் புரியவில்லை. அவருக்காவது புரிந்ததா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் பேசுகிறவள் அவள்தான். அலமாரி அளவுக்கு ஒரு கண்ணாடி அறை, ஒரு மேசை, ஒரு மைக், தலையாட்டாத ஒரு மேசை விசிறி. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யார் குடையை விட்டுவிட்டுப் போனார்கள் எல்லாம் அவள் வாயிலிருந்துதான் ஊருக்குத் தெரியும். அவள் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது, முகத்தைத் தெரிந்தவர்கள் கிடையாது. வீட்டில் கோபம் வந்தால் அந்தக் குரலுக்கு மாறிவிடுவாள். "சாப்பாடு இன்னும் சற்று நேரத்தில் எடுத்து உள்ளே வைக்கப்படும்" என்று சமையலறையிலிருந்து அறிவிப்பு வரும். நானும் மாமாவும் ஆளுக்கொரு தட்டோடு ஓடுவோம்.

குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது என்று அவள் சொன்ன அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். கூடப் போனது நான். மாமா, "எனக்குக் கிளாஸ் இருக்கு" என்றார். இருந்ததும் உண்மைதான். பரிசோதனை முடிவு வந்த மாலையில் நான்தான் அதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போய்க் காரைக் கழுவினார். அன்று காலையில்தான் அதைக் கழுவியிருந்தார். இந்த ஆளை என்ன செய்வது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு கீமோ தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் மாமாதான் காரில் எங்களைக் கொண்டுபோய் விடுவார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வருவார். அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். "நீ கூடப் போ மாப்ள, நான் வண்டியப் பாத்துக்கறேன்" என்பார். கூரை மேல் எல் போட்ட பழகுநர் பலகையும், பக்கவாட்டில் பள்ளியின் தொலைபேசி எண்ணும் எழுதிய காரை எந்தத் திருடன் சீண்டுவான்? இதைக் கேட்டால், கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி இருக்கும்.

மருந்து ஏற்றும் அறை இரண்டாவது மாடியில். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல். அதில் பார்த்தால் ஆஸ்பத்திரியின் மதில் சுவரும், அதை ஒட்டிய நடைபாதையும் தெரியும். முதல் நாள் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது எட்டிப் பார்த்தேன். மாமா மதிலோரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அதே பக்கமாக நடந்து வந்தார். மதிலைச் சுற்றுகிறார் என்று புரிந்தது. அடுத்த முறை நடை வேகமானது. அதற்கடுத்த முறை ஓடினார். முழுக்கைச் சட்டை, பெல்ட், வேலைக்குப் போடும் தோல் ஷூ, எல்லாவற்றோடும் ஓடினார். வாசல் காவலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவரையே பார்த்தபடி நின்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "என்னக்கா இது? நீ இங்க இப்பிடிப் படுத்துக் கெடக்க, இவரு வெளிய எக்சர்சைஸ் பண்றாரா?"

"விடுடா" என்றாள் அக்கா. அவ்வளவுதான். ஆனால் தலையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். அவர் வரக் கொஞ்சம் தாமதமானால், "இன்னும் காணோமே" என்பாள். வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள். அது கோபமா, நிம்மதியா? அவள் முகத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிடிபடவில்லை. ஒரு நாள் அவளே கேட்டாள். "ஏண்டா, இவரு ஓடிப் போறாரா, சுத்திச் சுத்தி வர்றாரா?"

"ஓடிப் போறாரு. போக இடம் தெரியாம சுத்தறாரு" என்றேன்.

அந்த மாடியில் ஒரு நர்ஸ் உண்டு. நான் கூடத்தில் காத்திருக்கும்போது டாக்டர் அறைக் கதவைத் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்பார். நான் எழுந்து நிற்பேன். மருந்துச் சீட்டு, அடுத்த தேதி, எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது, எல்லாம் என்னிடம்தான் சொல்லப்படும். ஆரம்பத்தில் என்னைத்தான் கணவர் என்று நினைத்திருந்தார். தம்பி என்று சொன்ன பிறகு, "அவரு ஊர்ல இல்லையா?" என்றார். "இருக்காரு. கீழ ஓடிட்டிருக்காரு" என்றேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முறைத்துவிட்டுப் போனார்.

எப்படியோ எல்லாம் முடிந்தது. உதிர்ந்த முடி முளைத்தது. முன்பு இடுப்பு வரைக்கும் பின்னிப் போட்டிருந்தவளுக்கு இப்போது சுருள் சுருளாக, நரையோடு வளர்ந்தது. அவளுக்கு அது பிடித்துப்போய் ஒட்ட வெட்டியே வைத்துக்கொண்டாள். மறுபடி கண்ணாடி அறைக்கு வேலைக்குப் போனாள். மாமாவின் ஓட்டமும் இதோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். அவர் நல்ல ஷூ ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார்.

அதற்குக் காரணம் விசில்காரர். விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் கழுத்திலிருந்து விசில் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. பெண்களுக்கு அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பரிசோதனை செய்கிற வண்டி ஒன்றுக்காக நீண்ட தூர ஓட்டங்கள் நடத்தி நன்கொடை திரட்டுகிறவர். அந்த ஆஸ்பத்திரிக்கு ஏதோ வேலையாக வந்தபோது மதிலைச் சுற்றும் மாமாவைப் பார்த்திருக்கிறார். "எதுக்குங்க ஓடறீங்க?" என்று கேட்டிருக்கிறார். "தெரியல சார்" என்றிருக்கிறார் மாமா. "அப்ப எங்களோட வந்து ஓடுங்க" என்றிருக்கிறார் அவர். இப்படி ஒரு சேர்க்கையை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அந்த விடுமுறைக்கு வந்தது கேடு. மாமா ஓட, பின்னாலேயே பயிற்சிப் பள்ளிக் காரில் தண்ணீரும் துண்டுப் பிரசுரங்களும் நன்கொடைப் பெட்டியும் வைத்துக்கொண்டு நான் ஊர்ந்து வர வேண்டும். கூரையில் பழகுநர் பலகை. முதல் கியரிலேயே வண்டி உறுமிக்கொண்டு நகரும். தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் கண்ணாடியை இறக்கி, "கிளட்ச்சக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க தம்பி, பயப்படாதீங்க" என்று எனக்கு வகுப்பெடுத்துவிட்டுப் போவார்கள். வெயிலில் மாமா முதுகைப் பார்த்துக்கொண்டே போவேன். அந்த முதுகிலும் எதுவும் எழுதியிருக்காது.

பிறகுதான் அந்தச் சட்டை வந்தது.

அக்கா குணமானதன் ஐந்தாவது வருடம். பெரிய ஓட்டம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஒரு விளையாட்டு மைதானத்தைச் சுற்றுவது. அதற்காகப் புதுச் சட்டை அடிக்கலாம் என்று விசில்காரர் சொல்ல, மாமா வீட்டு அலமாரியிலிருந்து அக்காவின் பழைய புகைப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போயிருக்கிறார். மனைவி, புற்றுநோய், ஓட்டம். மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேசியிருக்க மாட்டார். அச்சகத்துக்காரர் மிச்சத்தைத் தானாகவே புரிந்துகொண்டார். வந்து இறங்கிய சட்டைகளில் அக்கா, நீண்ட பின்னலோடு, வெள்ளை மேகங்களுக்கு நடுவில் மிதந்துகொண்டிருந்தாள். கீழே ஓரத்தில் ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்து, "நல்லாருக்குல்ல மாப்ள? வானம் மாதிரி" என்றார். எனக்கு மயக்கம் வராத குறை.

நான் அச்சகத்துக்குப் போய்ச் சண்டை போட்டேன். "வியாதி பேரச் சொன்னாரு, போட்டோவக் குடுத்தாரு, கண்ணு கலங்கிச்சு. நான் வேற என்ன சார் நெனைக்கறது?" என்றார் அவர். ஓடுகிற எல்லோருக்குமாகச் சேர்த்து அடித்தாகிவிட்டது, திரும்ப எடுக்கவும் மாட்டார்.

அந்தச் சட்டையோடு பயிற்சிக்கு ஓடிய முதல் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கியது. டீக்கடையில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம், சின்ன வயசு. எப்பப் போனாங்க?"

"காலைல ஆறு மணிக்கு. டூட்டி" என்றேன். அந்த அம்மா கையை விட்டுவிட்டார்.

நானும் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். "எங்க அக்கா உயிரோடதாங்க இருக்காங்க."

"ஆமா தம்பி, நம்ம மனசுல எப்பவும் இருப்பாங்க" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். இன்னும் அழுத்திச் சொன்னால், பாவம், இவனால் தாங்க முடியவில்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். விசில்காரரும் அப்படித்தான் நம்பியிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மாமா அவரிடம் இத்தனை வருடமாக மனைவியைப் பற்றி ஒரு பேச்சும் பேசியதில்லை. பெட்டி மட்டும் முன்பைவிடச் சீக்கிரம் நிறைந்தது. அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, எங்காவது போய் முட்டிக்கொள்வதா என்று குழம்பிப்போனேன்.

துவைத்துக் காயப்போட்டிருந்தபோதுதான் அக்கா அந்தச் சட்டையைப் பார்த்தாள். கொடியிலிருந்து உருவி, விரித்துப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமா செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டார்.

"இது யாருங்க?"

"நீதான்."

"நான் எதுக்கு மேகத்துல இருக்கேன்?"

"பின்னாடி வெறிச்சுன்னு இருந்துச்சாம். அதான் போட்டிருக்கான்."

"இந்த மெழுகுவத்தி?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "வெளிச்சத்துக்கு" என்றார்.

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சோபாவில் சாய்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மாமாகூட அசடு வழிந்தார். பிறகு அவள் சிரிப்பு சட்டென்று நின்றது. சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம உங்க ஓட்டம். மறுநாள் திங்கக்கெழம எனக்கு ஸ்கேன். அஞ்சு வருஷம் தாண்டிட்டா பெரும்பாலும் பயமில்லன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இந்தத் தடவ நீங்க உள்ள வரணும்."

"மாப்ள வருவான்ல?"

"அவன் வருவான். நான் கேட்டது உங்கள."

"பாக்கலாம்" என்றார் மாமா.

"பாக்கலாம் இல்ல. எனக்காக ஊர் ஊரா ஓடறீங்க, எல்லாரும் என்கிட்டயே உங்களப் பத்திப் பெருமையா பேசறாங்க. சந்தோஷம். ஆனா அந்தக் கதவுக்குள்ள ஒரு நாள்கூட நீங்க வந்ததில்ல. திங்கக்கெழம வரலன்னா, இனிமே எனக்காக ஓடறேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. என் மூஞ்சியப் போட்ட சட்டையையும் போடாதீங்க."

ஒலிபெருக்கிக் குரல் இல்லை. சாதாரணக் குரல்தான். அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. மாமா செய்தித்தாளைத் திருப்பினார். அவர் தலைகீழாகப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானத்தின் ஓரத்தில் எங்கள் காரை ஒட்டி ஒரு கூடாரம், அதில் நான் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கு பார்த்தாலும் மேகத்துக்குள் என் அக்கா. குண்டாக இருந்தவர் வயிற்றில் அகலமாகவும், ஒல்லியானவர் மார்பில் சுருங்கியும் வரிசையாகச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். மாமா ஒரே சீராக ஓடினார். வேகம் கிடையாது, நிறுத்தமும் கிடையாது. பாதிப் பேர் உட்கார்ந்துவிட்ட பிறகும் அவர் கால் மட்டும் ஓயவில்லை. நாளைக்குக் கால் வலி, நடக்க முடியவில்லை என்று சொல்லித் தப்பிக்கத்தான் இப்படி ஓடுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வந்த சந்தேகம் போகவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் அக்கா வந்தாள். ஓட்டத்தைப் பார்க்க அவள் வந்தது அதுதான் முதல் தடவை. டூட்டி முடிந்து, நிலையத்தின் நீலச் சீருடையோடு, தோளில் பையோடு, கயிற்றுக்கு வெளியே கூட்டத்தில் நின்றாள். பக்கத்தில் நின்றவர்களின் சட்டையில் அவள் படம். ஒருவரும் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பின்னலும் இந்த வெட்டிய நரைமுடியும் வேறு வேறு ஆட்களாகத்தான் தெரிந்தன.

நான் அவளைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். அதற்குள் நீளமாக ஒரு விசில். ஓடியவர்கள் எல்லோரும் அங்கங்கே நின்றார்கள். விசில்காரர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த ஓட்டத்துக்கே ஆதாரமா இருக்கறவங்க நம்ம மாஸ்டரோட மனைவி. அவங்க இன்னைக்கு நம்மகூட இல்ல. அவங்களுக்காக எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மைதானமே தலை குனிந்து நின்றது. அக்காவைப் பார்த்தேன். அவளும் பையை முன்னால் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள், அவளும் நின்றுவிட்டாள். தனக்குத்தான் என்று அவளுக்கு உறைத்ததா இல்லையா தெரியவில்லை. பிறகு மெல்லத் தலையைத் தூக்கி மாமாவைத் தேடினாள். மாமா ஓடுபாதையின் நடுவில் நின்றிருந்தார். அவர் தலையும் குனிந்திருந்தது. தோள் குலுங்கியது. மாமா அழுதுகொண்டிருந்தார். கீமோ நடந்த காலம் முழுவதிலும் நான் அவர் அழுது பார்த்ததில்லை.

அக்கா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். நேராக மைக்குக்குப் போனாள். சீருடையைப் பார்த்து யாரோ அதிகாரி என்று நினைத்தாரோ என்னவோ, விசில்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் வழக்கம் போல நகத்தால் மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. அந்தக் குரல் தெரியாதவர்கள் அங்கே இல்லை. சிலர் பழக்கதோஷத்தில் கீழே வைத்திருந்த பையை எடுத்தார்கள்.

"மாஸ்டரின் மனைவி இறந்துவிட்டதாக வந்த தகவல் சரியானது அல்ல. அவர் நலமாக இருக்கிறார். தற்போது ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருப்பவர் அவரே."

அவள் தொண்டையைச் செருமினாள். அடுத்து வந்தது வீட்டுக் குரல்.

"இந்தச் சட்டைல இருக்கறது நான்தாங்க. முடிதான் மாறிப்போச்சு. கட்டி தெரிஞ்ச அன்னைக்கே போய்க் காட்டினேன், அதனாலதான் இங்க நின்னு பேசறேன். வெக்கப்பட்டு, பயந்து தள்ளிப் போடாதீங்க, நீங்களும் போய்க் காட்டுங்க. நான் செத்துட்டேன்னு நெனச்சுக் காசு போட்டவங்க இருந்தா, திரும்ப வாங்கிக்கலாம். பெட்டி அந்தக் கார்ல இருக்கு. பக்கத்துல பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறான் பாருங்க, அவன் என் தம்பி."

கை தட்டினார்கள், சிரித்தார்கள், சில பெண்கள் அழுதார்கள். விசில்காரர் வாயில் விசிலை வைத்தபடி, ஊதவும் மறந்து நின்றார். ஒரே ஒருவர் மட்டும் வந்து போட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அவரையும் குறை சொல்ல முடியாது.

அக்கா மாமாவிடம் போனாள். தண்ணீர் பாட்டிலோடு நானும் பின்னாலேயே போனேன்.

"நான் இருக்கேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்குத் தல குனிஞ்சீங்க?"

"எல்லாரும் குனிஞ்சாங்க."

"நானும்தான் குனிஞ்சேன். நான் அழலயே. நீங்க எதுக்கு அழுதீங்க?"

மாமா என்னைப் பார்த்தார், ஓடுபாதையைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார். அவர் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நீ உள்ள இருக்கறப்ப, யாராவது கதவத் தொறந்துட்டு வந்து என்கிட்ட அதச் சொல்லிடுவாங்களோன்னு பயம். உக்காந்திருந்தா வந்து சொல்லிடுவாங்க. நின்னாலும் சொல்லிடுவாங்க. ஓடிட்டே இருந்தா யாரும் நிறுத்திச் சொல்ல முடியாதுல்ல. அதான் ஓடினேன். நீ நல்லாகி வந்துட்ட. ஆனா கால் நிக்க மாட்டேங்குது. இன்னைக்கு விசிலடிச்சு நிறுத்திட்டாங்க. நிறுத்தி, மைக்லயே சொல்லிட்டாங்க."

"நான் உயிரோட இருக்கேங்க."

"தெரியுது. தெரிஞ்சும் நடுங்குது."

அக்கா அவர் நெற்றி வியர்வையைச் சீருடை நுனியால் துடைத்துவிட்டாள். "நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டாள். மாமா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் விசில்காரருக்கு உயிர் வந்து, ஓட்டம் தொடரட்டும் என்று ஊதிவிட்டார். மாமாவின் கால் தானாகவே கிளம்பிவிட்டது. அவ்வளவு பேசியும் கடைசியில் இந்த மனிதர் வருவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் மாமாவுக்குக் காலை மடக்க முடியவில்லை. வீட்டுப் படிகளை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். என்னை ஓட்டச் சொல்லிவிட்டுத் தன் வழக்கமான இருக்கையில் ஏறிக்கொண்டார். அக்கா பின்னால். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கார் குலுங்கி நின்றது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. திரும்ப எடுத்தேன், தெருமுனையில் மறுபடி நின்றது.

"மாமா, கால எடுங்க."

"தானாப் போகுது மாப்ள."

வழி நெடுக இதே கதைதான். பச்சை விளக்கிலும் நின்றோம். பின்னால் வந்தவர்கள் பழகுநர் பலகையைப் பார்த்து என்னை மன்னித்தார்கள். ஆஸ்பத்திரி நெருங்க நெருங்க அந்தப் பிரேக் அடிக்கடி அழுந்தியது. மிதிக்கிறவரைத் திட்டலாம் என்று திரும்பினேன். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் திட்ட மனம் வரவில்லை.

வாசலில் இறங்கினோம். மாமா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ கூடப் போ மாப்ள, நான் வண்டியப்..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. அக்கா பையை மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தாள். மாமா மதிலை ஒரு தடவை பார்த்தார். பிறகு கதவை விட்டார். மதிலையும் தூணையும் கைப்பிடியையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.

இரண்டாவது மாடிக் கூடத்தில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்காவை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். ஸ்கேன் முடிந்தது. கதவு திறந்தது. அதே நர்ஸ், தலையை மட்டும் நீட்டி, "கூட வந்தவங்க யாரு?" என்றார்.

பழக்கத்தில் நான் எழுந்துவிட்டேன். பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. மாமா கைப்பிடிகளை ஊன்றி, பல்லைக் கடித்து, ஒரு முனகலோடு எழுந்து நின்றார்.

"ஒருத்தர்தான் வரணும்" என்றார் நர்ஸ். என்னைப் பார்த்து, "எப்பவும் நீங்கதான வருவீங்க?"

"நான் தம்பி. அவங்க வீட்டுக்காரர் இவருதான்" என்றேன். மாமா நொண்டிக்கொண்டே அந்தக் கதவைத் தாண்டினார். கதவு சாத்தியது.

நான் உட்கார்ந்தேன். எழுந்தேன். இத்தனை வருடமும் உள்ளே இருந்தே பழகியவனுக்கு வெளியே இருக்கத் தெரியவில்லை. உள்ளே மருத்துவர் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாரோ? கூடத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மதிலோரம் காலியாக இருந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று கீழே இறங்கினேன். டீக்கடைக்குப் போகவில்லை. மதிலை ஒட்டி நடந்தேன். வாசல் காவலாளி, "என்ன சார், அவரு வரலயா இன்னைக்கு?" என்றார்.

"உள்ள போயிருக்காரு."

"அப்ப நீங்களா?" என்றார். என்ன கேள்வி இது?

கட்டடத்தின் பின்பக்கம் போனதும் மாடி ஜன்னல்கள் மறைந்துவிட்டன. அந்தப் பக்கம் ஜெனரேட்டர் அறையும் குப்பைத் தொட்டிகளும்தான். இதற்குள் மேலே ஏதாவது ஆகியிருந்தால்? சீக்கிரம் முன்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நடை வேகமானது. முனையில் திரும்பியபோது செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. நான் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டாவது மாடி ஜன்னல் கண்ணில் படும் வரைக்கும்தான் ஓடினேன். பட்டதும் மூச்சு வந்தது. தாண்டினால் மறுபடி பின்பக்கம் வரும், மறுபடி ஓட வேண்டும். மாமா ஓடிப் போகவில்லை, சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். அக்கா கேட்ட கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் தப்பு.

முடிவு நல்லதாகவே வந்தது. ஆனால் அது எனக்கு அப்போது தெரியாது. அடுத்த சுற்றில் மூச்சிரைக்க ஜன்னலைப் பார்த்தேன். அங்கே இரண்டு தலைகள் தெரிந்தன. அக்கா என்னைக் காட்டி அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து, எனக்காகக் காற்றை அழுத்திக் காட்டினார்.